சாயம் முந்திக்கொண்ட பனியன்

கறுப்பு டி-ஷர்ட்டில் பிரிண்ட் அடிப்பவனுக்குக் கறுப்பு மை தேவையில்லை. புலியின் கோடு, ஆளின் தலைமுடி, இரவு வானம் எல்லாவற்றையும் துணியே கொடுத்துவிடும். மற்ற நிறங்களை அடித்துவிட்டு, கறுப்பு வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்து விட்டால் போதும். வெள்ளை டி-ஷர்ட்டில் இதற்கு நேர் எதிர். கண்ணின் மினுக்கம், பல், மேகம் எல்லாம் துணியின் உபயம். எங்கள் தொழிலில் இதைக் கிரவுண்டு என்போம். டிசைனை நிறம் நிறமாகப் பிரித்து ஃபிலிம் எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "கிரவுண்டு என்ன கலருங்க?" என்பதுதான்.

டை அண்ட் டை, அதாவது முறுக்கிக் கட்டிச் சாயம் போட்ட பனியன் வந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஒரே மார்பில் ஒருபுறம் மஞ்சள், நடுவே ஆரஞ்சு, மறுபுறம் ஊதா, இடையிடையே சாயம் ஏறாத வெள்ளைக் கீற்று. அடுத்த பீஸை எடுத்தால் ஊதா இருந்த இடத்தில் பச்சை இருக்கும். இதன்மேல் எட்டு கலர் டிசைனைக் கொண்டுவந்து வைக்கும்போது, இருட்டையும் நாமே அடிக்க வேண்டும், வெளிச்சத்தையும் நாமே அடிக்க வேண்டும். துணி ஒரு பைசாவுக்கும் உதவாது. உதவாவிட்டாலும் பரவாயில்லை, குறுக்கே நிற்கும்.

நான் தொழில் பழகியது திருப்பூரில், டேபிள் பிரிண்டிங்கில். நீளமான மேசையில் வரிசையாகப் பலகைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கம் தடவி ஒரு பிட்டு ஒட்டுவோம். பிட்டு என்றால் இன்னும் தைக்காதது, முன்பக்கம் மட்டும் வெட்டி வந்த துணி. ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு முதல் பலகையிலிருந்து கடைசிப் பலகை வரைக்கும் ஒரு கலரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். திரும்பி வருவதற்குள் முதல் பிட்டில் மை வறண்டிருக்கும். உடனே அடுத்த கலர். சுருக்கமில்லாமல் படிந்த துணி, தையல் கிடையாது, கழுத்து ரிப் கிடையாது, கை கிடையாது. பிற்பாடு ஓவல் மிஷின்கள் வந்து வேகம் கூடிய பிறகும், பிட்டில் அடிக்கும் அந்தச் சுகம் மாறவில்லை.

டை அண்ட் டையில் அந்தச் சுகம் கிடைக்காது. முறுக்கிக் கட்டிச் சாயம் ஊற்றுவது பெரும்பாலும் தைத்து முடித்த பீஸில்தான். பிட்டுக்குச் சாயம் போட்டுப் பிறகு தைத்தால் பக்கத் தையலில் சுருள் அறுந்து நிற்கும். முன்பக்கம், பின்பக்கம், கை மூன்றிலும் அது ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். ஆகவே பிரிண்டர் முறை கடைசியில்தான் வரும். சாயத்துக்கென்றே ஆர்.எஃப்.டி. பீஸ் தனியாகத் தைப்பார்கள். வெண்மைக்காக நீலம் ஏற்றாத துணியில், சுருங்கும் என்று கணக்குப் போட்டுச் சற்றுப் பெரிதாக வெட்டி, பருத்தி நூலால் தைத்தது அது. பாலியெஸ்டர் நூலில் தைத்தால் பருத்திச் சாயம் அதில் ஏறாது. ஊதா பனியனில் தோள் தையல் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். இத்தனை கணக்குக்குப் பிறகும் தண்ணீருக்குப் போய்வந்த சிங்கிள் ஜெர்சி சொன்னபடி கேட்காது. பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். பலகையில் ஏற்றும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது, தையலைப் பார்க்காதே, கழுத்தின் நடுவைப் பார் என்பதைத்தான்.

சாயக்காரரோடு சண்டை போடாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. அவர் செய்வதைப் பார்த்தால் எளிதாகத் தெரியும். பீஸைச் சோடா ஆஷ் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, மேசையில் விரித்து, நடுவில் ஒரு குச்சியை ஊன்றித் திருகுவார். தட்டையான வட்டமாகச் சுருண்டதும் ரப்பர் பேண்டுகளைப் போட்டு, பங்கு பங்காகப் பிரித்து, பாட்டிலில் கலக்கி வைத்த கோல்டு பிராண்ட், அதாவது குளிர்ச் சாயத்தை ஊற்றுவார். 1956-ல் ஐ.சி.ஐ. கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த புரோசியான் சாயங்களின் வழியில் வந்தவை இவை. காய்ச்ச வேண்டியதில்லை, காரம் இருந்தால் சாதாரண வெப்பத்திலேயே பருத்தி இழையோடு வேதியியல் பிணைப்பு ஏற்பட்டுவிடும். ஈரம் போகாமல் ராத்திரி முழுக்க மூடி வைத்து மறுநாள் அவிழ்த்து அலசுவார்கள்.

அந்த அலசலில்தான் என் பிழைப்பு இருக்கிறது. ஊற்றிய சாயம் முழுவதும் இழையோடு பிணைவதில்லை. பிணையாத மிச்சம் துணிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதைப் பச்சைத்தண்ணீரில் ஓடவிட்டு, கொதிநீரில் சோப்புப் போட்டு எடுத்து, மறுபடி அலசி வெளியேற்ற வேண்டும். ஒரு வாஷைக் குறைத்தால் சாயக்காரருக்கு மிச்சம். பலன் உடனே தெரியாது. நான் அடித்த வெள்ளை, டெஸ்பாட்ச் ஆகும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். வாங்கியவர் வீட்டில் முதல் தடவை துவைத்ததும் ரோஸாகும். அப்போது பழி பிரிண்டர் தலையில்.

அவரையும் குறை சொல்ல முடியாது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் படிப்படியாகத் திறந்தார்கள். கழிவைச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கி, தண்ணீரைத் திரும்ப எடுப்பதற்கு ஆகும் செலவு ஒவ்வொரு வாஷின் மேலும் ஏறுகிறது. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை நிரம்பச் சாயத்தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் நான். அந்தச் செலவு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கடைசி வாஷை வெட்டுவதுதான் நியாயமில்லை.

அதனால் லாட் வந்து இறங்கியதும் மூன்று சோதனை. வெள்ளைத் துணித்துண்டை நனைத்துப் பீஸின் அடர்த்தியான இடத்தில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவேன். துண்டில் கலர் இறங்கினால் லாட் திரும்பிப் போகும். அடுத்து, ஈரப்படுத்திய துணியில் பி.எச். தாள். சோடா மிச்சம் இருந்தால் வாட்டர் பேஸ் மையின் பைண்டர் சரியாகப் பிடிக்காது. அசிட்டிக் போட்டு நடுநிலைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மூன்றாவது, சாஃப்னர். கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று சிலிக்கான் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதன்மேல் அடித்த மை நகத்தால் சுரண்டினால் தோலாக உரியும். சாஃப்னர் போடுவதாக இருந்தால் பிரிண்டுக்குப் பிறகு போட வேண்டும்.

சண்டையின் இன்னொரு பாதி, சுருளின் நடுவைப் பற்றியது. குச்சியை மார்புக்கு நடுவே ஊன்றித் திருகுவது சாயக்காரருக்குக் கைப்பழக்கம். எல்லா நிறமும் வந்து குவியும் அந்த இடத்தில்தான் பையரின் டிசைனும் உட்கார வேண்டும்.

"நடுவைக் கொஞ்சம் எடப்பக்கமா, இடுப்புக்கு மேல எறக்கிப் போடுங்ணா" என்றேன் ஒரு தடவை.

"அடிக்கறது உன்ர வேலை, முறுக்கறது என்ர வேலை. மாத்தி முறுக்குனா பீஸுக்கு நேரம் எவ்ளோ ஆவுதுன்னு தெரியுமா தம்பி?"

"நடுவுலயே போட்டீங்கன்னா நான் வெள்ளை பேஸை மொத்தமா அடைச்சுருவேனுங்ணா. நீங்க பாடுபட்டு முறுக்குனது யாருக்கும் தெரியாது."

இது வேலை செய்தது. தன் சுருளை மை மூடப்போகிறது என்றதும் மனிதர் குச்சியை நகர்த்திவிட்டார். அதற்கப்புறம் எந்த டிசைனாக இருந்தாலும் ஒரு காகித நகலை முதலில் அவருக்கு அனுப்பிவிடுவேன்.

இனி வெள்ளை பேஸ். நிறமுள்ள துணியில் எந்த நிறமும் தன் நிறமாகத் தெரிய வேண்டுமென்றால், அடியில் வெள்ளை வேண்டும். மஞ்சள் மையை நீலத்தின் மேல் நேராக அடித்தால் பச்சை வரும். ஊதாவின் மேல் சேறு வரும். நான்கு கலர் பிராசஸில் போட்டோ போல அடித்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். பிராசஸ் மை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய வேண்டும் என்றே செய்யப்பட்டது. வெள்ளைத் துணி இருந்தால்தான் அது வேலை செய்யும். டை அண்ட் டையில் அதை அடித்தால் சாயக்காரர் ஐந்தாவது கலராக உள்ளே வந்துவிடுவார்.

பேஸ் போடுவதென்று முடிவானால் முதலில் வெறும் துணியைச் சூடாக்க வேண்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதல் ஃபிளாஷில், அதாவது பலகையிலேயே காட்டும் சிறு சூட்டில், அது ஆவியாகும்போது துணி ஒரு நூல் சுருங்கும். பேஸ் அடித்த பிறகு சுருங்கினால் அடுத்த கலர் வந்து உட்காராது. ஆகவே மை படும் முன்னே ஒரு ஃபிளாஷ். பிறகு பேஸ். மறுபடி ஃபிளாஷ், தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு மட்டும். முழுக்கச் சுட்டுவிட்டால் மேல் மை பிடிக்காது. முழுச் சூடு கடைசியில், கியூரிங் மிஷினில், பிளாஸ்டிசால் மை என்றால் 160 டிகிரி. பேஸின் ஓரத்தை மேல் கலரைவிட மயிரிழை உள்ளே இழுத்து ஃபிலிம் எடுக்க வேண்டும். இதைச் சோக் என்போம். சாதாரணத் துணிக்குப் போடுவதைவிட டை அண்ட் டைக்குக் கூடுதலாகச் சோக் வைப்பேன், பீஸுக்குப் பீஸ் துணியின் இழுவை வேறு என்பதால். வெள்ளை எட்டிப் பார்த்தால் மற்ற துணியில் அது ஒரு கோடு. இங்கே பல நிறத்துக்கு நடுவில் அது கண்ணைக் குத்தும்.

ஸ்கிரீன் மெஷ் விஷயத்தில் ஆளுக்கு ஒரு கட்சி. பேஸுக்குக் கண் பெரிய 43 டி போல்டிங் துணியைப் போட்டு ஒரே இழுப்பில் அடைத்துவிடு என்பார்கள் பலர். அடைபடும், சரி. மார்பில் அப்பளம் ஒட்டிய மாதிரியும் இருக்கும். டை அண்ட் டை வாங்குகிறவர் பழகிய, தொளதொளத்த, மெல்லிய பனியனைத் தேடி வருகிறவர். நான் 77 டி-யில் இரண்டு இழுப்பு, நடுவில் ஒரு ஃபிளாஷ். மேல் கலர்களுக்கு 120 டி. நேரம் ஆகும். அடித்த இடத்தை மடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இத்தனையும் சொன்னாலும், முழு பேஸ் என்பதே எனக்குத் தோல்வியாகத்தான் தோன்றும். மொத்தத்தையும் வெள்ளையால் மூடிவிட்டு அதன்மேல் எட்டு கலர் அடிப்பதென்றால், அந்தச் சதுரத்துக்குள் டை அண்ட் டை எதற்கு? வெள்ளைப் பனியனில் அடித்துவிட்டுப் போகலாமே. துணியில் ஏற்கெனவே ஆறு நிறம் இருக்கிறது, யாரோ காசு கொடுத்து வாங்கியது. டிசைனின் வேலை அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

எப்படி எடுப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி, டிசைனுக்குள் எது நிலையாக இருக்க வேண்டும், எது பீஸுக்குப் பீஸ் மாறினாலும் குடிமுழுகாது என்று பிரிப்பதுதான். மயில் ஒன்று வந்தது. தோகையில் பச்சை, நீலம், பொன், செம்பு என்று வரைந்தவர் அள்ளிப் போட்டிருந்தார். தலை, கழுத்து, தோகைக் கண்களின் நடுப்புள்ளி இவற்றுக்கு மட்டும் பேஸ் போட்டு நிறம் வைத்தோம். தோகையின் மற்ற இடமெல்லாம் கறுப்புக் கோடு மட்டும். கோடுகளுக்கு நடுவே சாயம் என்ன நிறமோ அதுவே தோகையின் நிறம். ஒரு பீஸில் மயிலுக்குச் சிவந்த தோகை, இன்னொன்றில் மஞ்சள். யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. இதையே ஒரு முகத்துக்குச் செய்ய முடியாது. முகத்தில் பாதி பச்சையானால் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் தோன்றும். முகம் என்றால் முழு பேஸ், வேறு பேச்சில்லை.

கறுப்புக் கோடு இந்த வேலையின் முதுகெலும்பு. நடுத்தர அடர்த்தியுள்ள எந்த நிறமும் டை அண்ட் டையில் ஏதோ ஓர் இடத்தில் காணாமல் போகும். ஆரஞ்சு மை ஆரஞ்சுச் சாயத்தில் கரைந்துவிடும். தப்பிப்பவை கடும் கறுப்பும் அழுத்தமான வெள்ளையும்தான். கறுப்பு மையைக்கூட அடர்ந்த ஊதாவிலும் கருநீலத்திலும் நம்ப முடியாது. அங்கே கோட்டுக்கு வெளியே மெல்லிய வெள்ளை விளிம்பு ஒன்று வேண்டியிருக்கும். நான் ஃபிலிம் போடுவதற்கு முன் லாட்டிலிருந்து வெவ்வேறு விதமான பீஸ்களை எடுத்துச் சுவரில் மாட்டி, போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்ப்பேன். நிறத்தைக் கழற்றிவிட்டால் எது இருட்டு, எது வெளிச்சம் என்பது மட்டும் மிஞ்சும். அந்தப் படத்தில் டிசைனை வைத்துப் படிக்க முடிந்தால், துணியிலும் படிக்க முடியும்.

டிஸ்சார்ஜ் என்றொரு வழியும் உண்டு. மையோடு ஜிங்க் ஃபார்மால்டிஹைடு சல்பாக்ஸிலேட் பவுடரை நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் கலந்து அடித்தால், கியூரிங் சூட்டில் அது சாயத்தை உடைத்து, அந்த இடத்தைத் துணியின் பழைய நிறத்துக்குக் கொண்டுபோகும். மேலே மை கனமே இருக்காது. கலந்த மையை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வீரியம் இருக்காது. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காற்றோட்டம் வேண்டும். குழந்தைகள் உடுப்பென்றால் ஃபார்மால்டிஹைடு காரணமாகப் பையர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒற்றைக் கலர் துணியில் இது சொன்னபடி நடக்கும். டை அண்ட் டையில் ஒவ்வொரு சாயமும் தன் இஷ்டத்துக்கு வெளுக்கும். ஒன்று சந்தன நிறத்துக்குப் போகும், இன்னொன்று பாதி வழியில் நின்றுவிடும், டர்காய்ஸ் கிட்டத்தட்ட அசையவே அசையாது. இதைக் குறை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த வேலையே இதுதான். சுருளின் மேல் பெரிய எழுத்துகளை டிஸ்சார்ஜில் அடித்தால், எழுத்துக்குள்ளே வேறொரு வெளிறிய சுருள் ஓடும், நீலம் மட்டும் அங்கங்கே பிடிவாதமாக நிற்கும். எந்த கம்ப்யூட்டரிலும் வரைந்து அப்ரூவல் வாங்க முடியாத விஷயம்.

அப்ரூவல் என்றதும் நினைவு வருகிறது. 2020 ஊரடங்கில் உலகம் முழுக்க வீட்டில் அடைந்திருந்தவர்கள் பனியனைக் கட்டிச் சாயம் போட ஆரம்பித்தார்கள். அந்த மோகம் ஆர்டராகத் திருப்பூருக்கும் வந்தது. அதுவரை டை அண்ட் டையைத் தொட்டே பார்க்காத மெர்ச்சண்டைசர்கள் சீல் போட்ட சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாப் பீஸும் இதேபோல் இருக்கணும் என்றார்கள். கையால் முறுக்கியது எப்படி இதேபோல் இருக்கும்? ஒரு சாம்பிளுக்குப் பதிலாக லைட், மீடியம், டார்க் என்று வரிசையாகக் கொடுத்து, இந்த வரம்புக்குள் எது வந்தாலும் சரி என்று கையெழுத்து வாங்கினால் பிழைத்தோம்.

செக்கிங்கில் உட்காரும் பெண்களுக்குத்தான் பெரும்பாடு. பிளெய்ன் வெள்ளையில் கடுகளவு மை தெறித்தாலும் உடனே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இங்கே அது மைத் தெறிப்பா, சாயச் சொட்டா? "ஏனுங்க, இதைப் பாஸ் பண்றதுங்களா, வேண்டாங்களா?" என்று தூக்கிக் காட்டினால் எனக்கே தெரியாது. ஸ்கிரீனில் ஊசித்துளை விழுந்து புள்ளி புள்ளியாக மை இறங்கியதும், சுருளோடு சுருளாகக் கரைந்து போனதும் உண்டு. பிரிண்டருக்கு இந்தத் துணி கொடுக்கும் ஒரே சலுகை அது. ஆனால் நிஜமான பிழை, ஒரு கலர் அரை மில்லி நகர்ந்தது போன்றவை, அதே சந்தடியில் தப்பித்துப் போகும். அதனால் செக்கிங்குக்கு டிசைன் முழுவதையும் பார்க்கச் சொல்வதில்லை. கறுப்புக் கோடும் அதை ஒட்டிய வெள்ளையும் சந்திக்கும் இடங்களை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சாயம் கட்டிய துணியின் மேல் அச்சடிப்பது ஏதோ அமெரிக்கச் சங்கதி என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் நினைக்கிறார்கள். மதுரையில் போய்ச் சுங்குடியைப் பார்க்கச் சொல்வேன். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. முடிச்சுப் போட்ட புள்ளிகளோடு மெழுகு அச்சில் கரையும் பூவும் போட்டு விற்கிறார்கள். அங்கே உடல் முழுக்க ஒரே நிறம், அதில் வெள்ளைப் புள்ளி. அச்சுக்காரர் அந்தப் புள்ளிகளை மூடுவதில்லை; அவை இல்லாத இடத்தில் தன் வேலையை வைத்துக்கொள்கிறார்.

இப்போது சின்ன ஆர்டரெல்லாம் டி.டி.எஃப். பக்கம் போய்விட்டது. ஃபிலிமில் பிரிண்ட் எடுத்து, பவுடர் தூவி, ஹீட் பிரஸ்ஸில் ஒட்டினால் முடிந்தது. அடியில் என்ன துணி என்று அதற்குக் கவலையில்லை, வெள்ளையைத் தானே கொண்டுவருகிறது. பத்துப் பீஸ் வேண்டுமென்று வருகிறவரிடம் நானே அதைத்தான் செய்யச் சொல்கிறேன். அவருக்காக எட்டு ஸ்கிரீனுக்குக் கோட்டிங் போட்டு எக்ஸ்போஸ் செய்வது இருவருக்கும் கட்டுப்படியாகாது.

கட்டுப்படி என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ரேட் கலர் கணக்கு. எட்டு கலர் என்றால் எட்டுக்கு, மூன்று என்றால் மூன்றுக்கு. பையர் எட்டு கலரோடு வருகிறார். துணியில் இருக்கும் நிறத்தை வைத்து மூன்றில் முடிக்கலாம் என்று நானே உட்கார்ந்து பிரித்துக் காட்டுகிறேன். டிசைன் நன்றாக வருகிறது, பனியன் மெத்தென்று இருக்கிறது, என் பில் பாதிக்கும் கீழே போகிறது. "ஸ்கிரீன் கொறைஞ்சா ரேட்டும் கொறையணுமில்லீங்களா" என்று மெர்ச்சண்டைசர் கேட்பதில் தப்பில்லை. கொஞ்ச காலமாக பில்லில் செப்பரேஷன் சார்ஜ் என்று தனியாக ஒரு வரி போடுகிறேன், விடப்பட்ட ஐந்து கலருக்கும் சேர்த்து. இதுவரை இரண்டு கம்பெனிகள் என்ன இது என்று கேட்டன. ஒன்று கொடுத்துவிட்டது, இன்னொன்று இழுத்துக்கொண்டிருக்கிறது.